பெயர் பரப்பும் தொழில்: மதுரை வட்டார இசைக்கலைஞரும் விளம்பரமும்

மாட்டுச் சந்தை கூடிய இடமாக அறியப்பட்ட மாட்டுத்தாவணியில் 1999ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் அமைந்த பின்னர், சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளின் சிற்றூர்களிலிருந்து மதுரைக்கு வருவோர் பெரும்பாலும் வந்திறங்கும் இடம் அதுவாயிற்று. அவ்வூர்களில் கோயில் திருவிழா எடுக்கும் விழாக் குழுவினர், இரவு நாடகத்துக்கும் கரகாட்டத்துக்கும் நையாண்டி மேளத்துக்கும் ஆள் அமர்த்த மதுரைக்கு வருவது, அந்நிலையத்துக்குப் பல தலைமுறை முந்திய வழக்கம். கலைஞரைத் தேடி ஊரார் நகருக்கு வருவதும், தேடி வருவோர் கண்ணிலும் காதிலும் தம் பெயர் விழுமாறு கலைஞர் செய்துகொள்வதும் சேர்ந்தே மதுரையை ஒரு கலைச்சந்தையாக நிலைநிறுத்தின.

திரைப்பட நிறுவனத்தையோ இசை வெளியீட்டு நிறுவனத்தையோ சார்ந்து சம்பளம் பெறாமல், தம் வாய்ப்பைத் தாமே தேடிக்கொள்ளும் பாடகரையும் வாத்தியக்காரரையும் இன்று சுயாதீன இசைக்கலைஞர் என்று குறிக்கின்றனர். இத்தகையோர் பாடத் தெரிந்தால் மட்டும் போதாது, தம்மைப் பற்றிக் கேட்போருக்கு ஓயாது தெரிவித்துக்கொண்டும் இருக்க வேண்டும் என்பது இணையம் கொண்டுவந்த புதிய சுமையாகவே பேசப்படுகிறது. மதுரை வட்டாரத்தின் கடந்த நூற்றாண்டு வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. இங்கே தனியாளாகத் தொழில் செய்த கலைஞர் எவரும் விளம்பரமின்றி வாழ்ந்ததில்லை. அவ்விளம்பரத்துக்குப் பின்னே தேதியையும் கூலியையும் மானத்தையும் காக்கும் ஒரு பொது அமைப்பு இருந்ததா இல்லையா என்பதே ஒரு காலத்தை இன்னொரு காலத்திலிருந்து வேறுபடுத்தியது.

குழு கலைந்து தனியாள் ஆன காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ்நாட்டு மேடையை ஆண்டவை நாடகக் கம்பெனிகள். கம்பெனி முதலாளி திரை, உடை, வாத்தியம் அனைத்தையும் வைத்திருந்து, நடிகருக்குச் சோறும் சம்பளமும் தந்து, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நாடகம் நடத்தினார். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் தூ.தா. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) மதுரையில் 1918ஆம் ஆண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை நிறுவியதும், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்ததும் இக்காலத்தவை. கம்பெனியில் இருந்த நடிகருக்குத் தனி விளம்பரம் தேவைப்படவில்லை. கம்பெனியின் பெயரே அவருக்கும் பெயராக நின்றது.

இம்முறைக்கு அருகிலேயே வளர்ந்து, பின்னர் அதையும் கடந்து நிலைத்தது ஸ்பெஷல் நாடகம். ஒவ்வொரு நடிகரையும் வாத்தியக்காரரையும் ஓர் இரவுக்கு மட்டும் தனித்தனியே பேசி அமர்த்தி நடத்தும் நாடகத்துக்கு இப்பெயர் வழங்குகிறது. தலைமை ஆண் வேடமான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், தலைமைப் பெண் வேடமான ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் எனப்படும் பலவகைத் தாளக் கருவிகளை இசைப்போர் ஆகியோர் வெவ்வேறு ஊர்களிலிருந்தும் வந்து, முன் ஒத்திகை ஏதுமின்றி, இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகத்தை நடத்தி முடிக்கின்றனர். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களும் உரையாடலும் எல்லோருக்கும் பொதுவான பாடமாக மனத்தில் இருந்ததாலேயே, முன்பின் சேர்ந்து நடித்திராதோரும் ஒரே மேடையில் ஒருவர் அடிக்கு மற்றவர் மறுமொழி பாட முடிந்தது.

பாடம் பொதுவானதாகவும் ஆள் தனியானவராகவும் ஆனபோது தொழிலின் தன்மையே மாறிற்று. எந்த ‘வள்ளி திருமணம்’ என்று ஊரார் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. எந்த முருகன், எந்த வள்ளி, யாருடைய ஆர்மோனியம் என்று தேர்ந்தெடுத்தனர். இதனால் ஒவ்வொரு கலைஞரும் தமக்குத் தாமே ஒரு கம்பெனியாக நின்று, தம் குரலுக்கும் தர்க்கத் திறனுக்கும் பெயர் தேடிக்கொள்ள வேண்டியவரானார்.

நோட்டீஸ், டைரி, சங்கம்

இப்பெயர் தேடலின் முதற்கருவி நோட்டீஸ். உச்சியில் தெய்வத்தின் பெயர், அடுத்து ஊரும் திருவிழாவும் தேதியும், நடுவில் பெரிய எழுத்தில் நாடகத்தின் பெயர், அதைச் சுற்றிக் கலைஞர்களின் படங்கள், கீழே நாடக அமைப்பாளர், ஒலி ஒளி அமைப்பாளர் பெயர்கள் என்று அமைந்த இத்தாள், நாடகத்துக்கு முன்னர் ஊர்ச் சுவர்களிலும் டீக்கடைகளிலும் ஒட்டப்பட்டு, பக்கத்து ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஊர்ப்பெயரும் ஒரு பட்டமும் நின்றன. குரலின் இனிமை, தர்க்கத்தின் கூர்மை, விரலின் வேகம் என்று எதில் ஒருவர் சிறந்தவரோ அதைப் பட்டம் இரண்டு சொல்லில் சொல்லிற்று. திரைப்படமும் வானொலியும் பரவிய பின்னர், ‘திரைப்படப் புகழ்’, ‘வானொலி, தொலைக்காட்சிப் புகழ்’ என்னும் அடைகள் அவ்விடத்தில் வந்து சேர்ந்தன. நோட்டீசில் யார் பெயர் முதலில் வருகிறது, யார் படம் பெரிதாக இருக்கிறது என்பவை கூலியையும் மதிப்பையும் தீர்மானிக்கும் செய்திகள் ஆதலால், ஒருமுறை அச்சான நோட்டீஸ் அடுத்த ஊரார் பேரம் பேசும்போது சான்றாகப் பயன்பட்டது.

பெண் கலைஞருக்கு நோட்டீஸ் இன்னொரு பணியும் செய்தது. விடியும்வரை அந்நிய ஆடவருடன் மேடையில் நின்று பாடும் பெண்ணைச் சமூகம் இழிவாகப் பார்த்த சூழலில், ஸ்திரீபார்ட் கலைஞர் நோட்டீசில் வேடத்துடன் தோன்றாமல், சேலை உடுத்தி, பூ வைத்து, மார்பளவு எடுத்த படத்தில் குடும்பப் பெண்ணாகவே தோன்றினார். தம்மை எவ்வாறு காட்டிக்கொள்வது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமையை அச்சிட்ட தாளில் அவர் ஓரளவேனும் வைத்திருந்தார் என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

இரண்டாவது கருவி டைரி. தை முதல் ஆனி, ஆடி வரை நீளும் திருவிழாப் பருவத்தில் எந்த இரவு எந்த ஊரில் நாடகம் என்று கலைஞர் குறித்து வைக்கும் இப்புத்தகமே அவருடைய சொத்துக் கணக்கு. முன்பணம் பெற்றுக்கொண்டு தேதி கொடுத்துவிட்டால் அதை மீறக் கூடாது என்பது தொழில் ஒழுக்கம். அதை மீறினால் கேட்பதற்கு இருந்தது மூன்றாவதும் முதன்மையானதுமான அமைப்பு, நாடக நடிகர் சங்கம். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் முதலிய ஊர்களில் இயங்கும் இச்சங்கங்கள், தேடி வரும் ஊராருக்கு உறுப்பினரை அறிமுகப்படுத்தின. ஒப்புக்கொண்ட கலைஞர் வராமற்போனாலும், ஊரார் பேசிய பணத்தைத் தராமற்போனாலும் நடுவராக நின்று தீர்த்துவைத்தன. ஆண்டுதோறும் சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் குருபூஜை நடத்தி, போட்டியாளராகிய கலைஞர்களை ஒரே குருவின் மரபினராக ஒன்றுசேர்த்தன. நோட்டீஸ் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட, சங்கம் அவர்களைச் சேர்த்து நிறுத்தியது. இவ்விரண்டும் ஒருங்கே இருந்ததுதான் ஸ்பெஷல் நாடகம் நூறாண்டு தாங்கியதன் காரணம்.

பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டும்

மேடைக்கு வெளியே குரலைப் பரப்பிய முதல் பொருள் பாட்டுப் புத்தகம். காலணா, அரையணா விலைக்குச் சந்தையிலும் முச்சந்தியிலும் விற்ற சிறு வெளியீடுகளை, விற்பவரே பாடிக் காட்டி விற்றார். பாட்டே தன் விளம்பரமாகவும் இருந்தது. மதுரையில் வாழ்ந்து நாடகக் கலைஞர்களுக்குப் பாட்டெழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் (1892-1952), காந்தியையும் கதரையும் பற்றிய பாடல்களைப் புராண நாடகங்களின் நடுவே நுழையச் செய்தவர்களுள் முதன்மையானவர். 1931 அக்டோபரில் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸி’லும் அவர் பாடல்கள் இடம்பெற்றன. ஒரே பாடல் மேடையில் பாடப்பட்டு, புத்தகமாக விற்கப்பட்டு, இசைத்தட்டில் பதிவாகி, திரையிலும் ஒலிக்க முடியும் என்பதை அவருடைய தொழில்வாழ்க்கை காட்டிற்று.

இசைத்தட்டுத் தொழில் இந்தியாவுக்கு வந்தது 1902ஆம் ஆண்டு, கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் முதலியோரின் குரலைப் பதிவு செய்தபோது. கல்கத்தாவில் 1908ஆம் ஆண்டு தொழிற்சாலை அமையும்வரை, தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாகி வந்தன. தமக்குத் தெரியாத மொழியில் பாடியவர் யார் என்று அங்குள்ள தொழிலாளர் அறிய வேண்டி, பாட்டின் முடிவில் பாடகரே தம் பெயரை உரக்கச் சொல்வது அக்கால வழக்கம். கேட்பவருக்கும் அது நினைவில் நின்றதால், ஒலிப்பதிவில் கலைஞர் செய்துகொண்ட முதல் விளம்பரமாகவும் அது அமைந்துவிட்டது.

1920களின் இறுதியிலும் 1930களிலும் தமிழ்நாட்டில் இசைத்தட்டு விற்பனை பெருகியதற்கு முதற்காரணம் நாடகப் பாடகர்கள். செங்கோட்டை கிட்டப்பாவும் (1906-1933) கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் (1908-1980) ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டும் குரலால் பெயர் பெற்று, கொழும்பு வரை சென்று நாடகம் நடத்தியவர்கள். அவர்கள் தட்டுகள், நாடகம் பார்க்க முடியாதோருக்கும் அவர்களைக் கொண்டுசேர்த்தன. மதுரை அனுமந்தராயன் கோயில் தெருவில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக 1916ஆம் ஆண்டு பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, தம் பத்தாம் வயதிலேயே இசைத்தட்டில் பாடியதும் இந்த அலையின் தொடக்கத்தில்தான். ஊர்ப்பெயரை முன்னொட்டாகக் கொள்ளும் வழக்கமும் இங்கே கருதத்தக்கது. மதுரை மணி, மதுரை சோமு என்று அறியப்பட்டோருக்கு, ஊரின் பெயர் அவர்களைப் பிறரிடமிருந்து பிரித்தறியும் அடையாளமாகவும், அவ்வூர் ரசிகரின் தரத்துக்குத் தேறியவர் என்னும் சான்றாகவும் நின்றது.

எனினும் இசைத்தட்டில் ஓர் உள்முரண் இருந்தது. மேடையில் பாடியவர் ஒவ்வொரு இரவுக்கும் கூலி பெற்றார். பதிவு செய்த குரலோ அவர் இல்லாத இடத்திலும் உழைத்தது. அந்த உழைப்பின் பயனில் பாடகருக்குப் பங்கு உண்டா என்னும் கேள்வி அப்போதே பிறந்தது.

வானொலியும் ஒலிநாடாவும்

சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. குரல் தேர்வு நடத்திக் கலைஞரைத் தரம் பிரிக்கும் முறை 1950களில் வானொலியில் வேரூன்றியபோது, அத்தரமே ஒரு பட்டமாகி நோட்டீசில் ஏறிற்று. அரசு நிறுவனம் ஒன்று தரும் சான்று என்பதால் அதற்கு மதிப்பு மிகுதி. ஆனால் வானொலியின் அளவுகோல் சாஸ்திரிய இசையை முதலில் வைத்ததால், தப்பு அடிப்போருக்கும் ஒப்பாரி பாடுவோருக்கும் அவ்வாயில் எளிதில் திறக்கவில்லை.

அவர்களுக்கு வழி திறந்தது 1980களில் பரவிய ஒலிநாடா. சிறிய ஒலிப்பதிவுக் கூடமும் சில ஆயிரம் ரூபாய் முதலும் இருந்தால் ஒருவர் தம் பாடல்களை வெளியிட்டுவிடலாம் என்ற நிலை வந்ததும், கருப்பசாமி பாடல், ஐயப்பன் பாடல், தெம்மாங்கு, கட்சிப் பாடல் என்று வட்டாரக் குரல்கள் கடைகளில் அடுக்கப்பட்டன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவர் நவநீதகிருஷ்ணனும் கிராமங்களில் சேகரித்த பாடல்களை மேடைக்கும் ஒலிநாடாவுக்கும் கொண்டுவந்தனர்; 2018ஆம் ஆண்டு விஜயலட்சுமிக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை அண்ணன்’ என்ற பெயரில், கிறித்தவ வழிபாட்டுக்குரிய பாடல்களை நாட்டுப்புற மெட்டில் அமைத்து, பாடுவோர் விருப்பம்போல் மாற்றிப் பாடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். வாணிக விளம்பரமின்றி அப்பாடல்கள் பரவியதற்கு, கிராமச் சபைகளும் மாணவர்களும் ஆயத்தமான வலைப்பின்னலாக இருந்தமையே காரணம். கலை தானாகப் பரவியது என்று கூறப்படும் இடங்களிலெல்லாம், உற்றுநோக்கினால் இத்தகைய ஓர் அமைப்பு பின்னால் இருப்பதைக் காணலாம்.

ஒலிநாடாவின் மறுபக்கம் படியெடுப்பு. பாடல் பட்டியலைக் கொடுத்தால் வெற்று நாடாவில் பதிந்து தரும் ரெக்கார்டிங் கடைகள் தெருத்தெருவாக இருந்தன. பேருந்துகளிலும் மைக்செட்காரர்களிடமும் ஓயாது ஒலித்த பாட்டுக்குப் பாடியவர் கையில் காசு வரவில்லை. ஆயினும் நாட்டுப்புறக் கலைஞர் அதனால் அழிந்துவிடவில்லை. ஒலித்த நாடாவே அவரை ஊராரிடம் அறிமுகப்படுத்தி, திருவிழாத் தேதியாகத் திரும்பி வந்தது. மதுரையை அடுத்த பரவை ஊரைச் சேர்ந்த முனியம்மா, பல ஆண்டுகள் கோயில் விழாக்களில் பாடிவந்து, 2003ஆம் ஆண்டு ‘தூள்’ படத்தின் வழியே தமிழுலகம் முழுதும் அறியப்பட்டார். வட்டாரத்தில் நிலைபெற்ற ஒரு குரலுக்குத் திரைப்படம் எவ்வளவு பெரிய விளம்பரம் என்பதையும், அவ்விளம்பரம் எத்தனை காலம் கழித்து வரக்கூடும் என்பதையும் அவர் வாழ்க்கை ஒருசேரக் காட்டுகிறது.

இணையம் மாற்றியவை

இணையக் காலத்தில் முதலில் மாறியது, வாயிலில் நின்று தேர்வு செய்வோர் யார் என்பது. கோவையைச் சேர்ந்த ஹிப்ஹாப் தமிழா குழுவினர் 2011இல் யூடியூபில் பரவிய ஒரு பாட்டின் மூலம் பெயர் பெற்று, 2012இல் தனித் தொகுப்பு வெளியிட்டு, பின்னரே திரையிசைக்குச் சென்றனர். வாயில் திறந்தது நகரத்து இசைக்கு மட்டுமன்று. பறையிசைப் பயிற்சியைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட அலங்காநல்லூர் வேலு ஆசான் 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார். சாதிக் கட்டாயத்தால் சாவு வீட்டில் அடிக்க வேண்டியிருந்த கருவி, கற்கவும் அரங்கேற்றவும் உரிய கலையாக மதிக்கப்படுவதில், அதை வாசிப்போர் தம் பெயரையும் தம் நிபந்தனைகளையும் தாமே அறிவிக்கும் வாய்ப்புக்கும் பெரும் பங்குண்டு. கட்டாயத்தின் பேரில் வாசித்தவருக்கு விளம்பரம் வேண்டியதில்லை. மறுக்கும் உரிமை பெற்றவருக்கே அது வேண்டும். இப்பொருளில் விளம்பரம் வாணிகம் மட்டுமன்று, விடுதலையின் ஒரு கூறும் ஆகும்.

அடுத்து மாறியது அளவு. முன்பு ஒரு வட்டாரத்தின் ஸ்திரீபார்ட் தம்மைப் போன்ற சிலரோடு போட்டியிட்டார். இன்று ஒரு பாடகர் உலகின் எல்லாப் பாட்டோடும் ஒரே திரையில் போட்டியிடுகிறார். எதைக் கேட்பவர் முன் வைப்பது என்று தீர்மானிப்பது அல்காரிதம் எனப்படும் கணிப்பு நிரல். முன்பு எவ்வளவு பேர், எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்பதைக் கொண்டு அது அடுத்தவருக்குப் பரிந்துரைப்பதால், அறியப்பட்டவரே மேலும் அறியப்படுகிறார். யூடியூபில் விளம்பர வருவாய் பெற 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்ற விதி 2018இல் வந்தது. ஓராண்டில் 1,000 முறை கேட்கப்படாத பதிவுக்கு உரிமைத்தொகை இல்லை என்று ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல் நடைமுறைப்படுத்தியது. இவ்வாசலைத் தாண்டும்வரை கலைஞர் உழைப்பு கணக்கிலேயே வராது என்பதால்தான், பாட்டை வெளியிடுவதற்கு முன்பும் பின்பும் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, விளம்பரத்தின் உடைமை கைமாறியது. திருவிழா நாடகங்களை விடியும்வரை படம்பிடித்து இணையத்தில் ஏற்றும் அலைவரிசைகள் இன்று பல. அதனால் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைக்கும் தென்மாவட்டத்தார் தம் ஊர்த் திருவிழா நாடகத்தைப் பார்க்க முடிகிறது. கலைஞர் பெயரும் பரவுகிறது. ஆனால் அப்பதிவின் வருவாய் அலைவரிசையின் உரிமையாளரைச் சேர்கிறது. ஓர் இரவு நாடகத்திலிருந்து இரட்டைப் பொருள் பேச்சு மட்டும் துண்டாக வெட்டப்பட்டு உலவும்போது, நோட்டீசில் தம் படத்தைத் தாமே தேர்ந்தெடுத்த பெண் கலைஞர், தம் உருவத்தின் மேலிருந்த அந்தச் சிறு அதிகாரத்தையும் இழக்கிறார்.

புகழும் வருவாயும் வெவ்வேறு என்பதற்குப் பெரிய சான்று 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’. அறிவும் தீயும் பாடிய அப்பாட்டு பல கோடி முறை பார்க்கப்பட்டும், அதிலிருந்து தங்களுக்குப் பணம் ஏதும் வந்துசேரவில்லை என்று 2024இல் அதைத் தயாரித்த இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத்தொகையை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது என்று காப்பளித்துள்ளது. ஆனால் அக்காப்பு செயற்பட, பாட்டு யாருடையது என்ற விவரம் பதிவோடு முறையாகச் சேர்ந்திருக்க வேண்டும். உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கத்தில் கலைஞர் உறுப்பினராக வேண்டும். இன்றைய விளம்பரப் பணியின் பெரும்பகுதி ஆரவாரம் அன்று, இத்தகைய விவரங்களைப் பிழையின்றி எழுதிவைப்பதே ஆகும்.

2020ஆம் ஆண்டு தொற்றுக்காலம் புகழுக்கும் வருவாய்க்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் கூர்மையாக்கிற்று. சித்திரைத் திருவிழா மக்கள் கூடாமல் கழிந்து, மீனாட்சி திருக்கல்யாணத்தை வீட்டிலிருந்தே திரையில் காண நேர்ந்த அப்பருவத்தில், ஊர்த் திருவிழாக்களும் நின்றுபோக, டைரியில் குறித்த தேதிகள் யாவும் வீணாயின. இணையத்தில் பலரும் அறிந்த பெயர் இருந்தும், மேடை நின்றவுடன் பெரும்பாலான கலைஞர்களுக்கு வருவாயும் நின்றது. பார்வை எண்ணிக்கை அரிசியாகவில்லை.

இவ்வரலாறு சுயாதீனக் கலைஞருக்குச் சொல்வது தெளிவானது. விளம்பரத்தை இழிவாக எண்ணி ஒதுங்குவதற்கு மரபில் ஆதாரம் இல்லை. கிட்டப்பா காலம் முதல் நம் கலைஞர் தம் பெயரைத் தாமே சுமந்து சென்றவர்கள். ஆனால் அவர்களுடைய நோட்டீசுக்குப் பின்னால் சங்கம் நின்றது. இன்றைய கலைஞர் ஒவ்வொருவர் கையிலும் ஆயிரம் நோட்டீசுக்கு நிகரான கருவி இருக்கிறது, அக்கருவிக்குப் பின்னால் நிற்கும் சங்கமோ இல்லை. நாடக நடிகர் சங்கங்கள் தம் உறுப்பினரின் நாடகங்களைத் தம் சொந்த அலைவரிசையில் ஏற்றி வருவாயைப் பகிர்வதும், படம்பிடிப்போரிடம் எழுத்தில் உடன்பாடு கேட்பதும், பாடல் விவரப் பதிவையும் உரிமைத்தொகை விண்ணப்பத்தையும் இளங்கலைஞருக்குக் கற்றுத்தருவதும் அச்சங்கங்கள் நூறாண்டாகச் செய்துவந்த பணியின் இயல்பான அடுத்த படியே. தனித்துப் பெயர் பெறவும் கூடிக் காத்துக்கொள்ளவும் ஒருசேரக் கற்ற வட்டாரம் இது. அவ்விரண்டில் ஒன்றை மட்டும் இணையத்துக்கு எடுத்துச் செல்வது பாதி மரபை மட்டும் எடுத்துச் செல்வதாகும்.